கடையில் நின்று பாட்டுக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

திருபுவனத்துப் பையன்:

ஊர் திருபுவனம். அப்பா பட்டுத்தறி நெய்கிறார். நான் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். போன தீபாவளி போனஸில் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கினேன். அதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை.

புது எல்.பி. ரெக்கார்டு, அதாவது பெரிய இசைத்தட்டு, விற்கிற கடை நம்ம பக்கம் எங்கே தேடியும் என் கண்ணில் படவில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியுமுன் எழும்பூரில் இறங்கி, கடை திறக்கிற வரைக்கும் பீச்சில் உட்கார்ந்திருந்தேன். குறி வைத்துப் போனது அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2024ல் போட்ட ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’. பத்தே பாட்டு, முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைச்சல். ஆல்பம் வருவதற்கு முன்னால் ஒரு பாட்டைக்கூடத் தனியாக விடாமல் மொத்தமாக இறக்கினார்கள். அதை ஃபோனிலேயே நாற்பது தடவை கேட்டிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டேன். அதில் பிரச்சினை இல்லை.

பக்கத்திலேயே இன்னொரு புது பாப் ஆல்பம் இருந்தது. பெயர் வேண்டாம், பாவம் பாடினவர். அட்டை பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. கவுன்டரில் இருந்த பையனிடம், “இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுவீங்களா?” என்றேன். “சீல் பிரிச்சா விக்க முடியாது ப்ரோ, ஃபோன்ல கேட்டுப் பாருங்க” என்றான். ஆயிரம் ரெக்கார்டு அடுக்கியிருக்கிற கடையில் ஒரு மூலையில் நின்று, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஃபோனை நோண்டினேன். ஓட்டலுக்குள் உட்கார்ந்துகொண்டு இட்லி போட்டோ பார்த்த கதைதான். முதல் மூன்று பாட்டு, ஆளுக்கு இருபது விநாடி. பிரமாதமாக இருந்தது. 3,600 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் போட்டால் அந்த மூன்று பாட்டோடு சரி. மற்றதெல்லாம் ஒரே மாவை வேற வேற தட்டில் ஊற்றிய மாதிரி. அதைவிட மோசம், ரெண்டாம் பக்கம் கடைசிப் பாட்டில் ‘ஸ’ வருகிற இடமெல்லாம் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். கடைக்கு ஃபோன் பண்ணினால், பிரித்ததைத் திருப்பி எடுப்பதில்லையாம். பிரிக்காமல் கேட்க முடியாது, கேட்டபின் கொடுக்க முடியாது.

அப்பா பாவுநூலில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே, “கேக்காமலா வாங்குன?” என்று சிரித்தார். அவர் இளவட்டமாக இருந்தபோது கும்பகோணத்தில் கேசட் கடையில் நின்று கேட்டுத்தான் வாங்குவாராம். அவருக்குச் சோதனை ஒன்றே ஒன்று, தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்குமா என்பது. குழித்தறியில் உட்கார்ந்தால் டேப்ரெக்கார்டர் ஜன்னல் திட்டில் இருக்கும். தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற சத்தம், பலகை அடிக்கிற சத்தம் இரண்டையும் தாண்டி வராத பாட்டை அவர் வாங்கினதில்லை.

அந்தக் காலத்தில் கடையில் எவ்வளவு நேரம் போட்டுக் காட்டுவார்கள்? நின்று கேட்கும்போது எதைக் கவனித்தீர்கள்? அந்த ‘ஸ’ தொல்லை ரெக்கார்டிலா, என் மிஷினிலா?


உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம்:

தம்பி, உங்க அப்பா சொன்னது அத்தனையும் நெசம். அவரு கும்பகோணத்துல எங்க கடைக்கே வந்திருந்தாலும் வந்திருப்பாரு. திருபுவனத்துலேருந்து சைக்கிள்ல வர்ற தறிக்காரங்க எங்களுக்கு நிறைய வாடிக்கை. வந்ததும் “சவுண்டா பாடறது எதுப்பா வந்திருக்கு?”ம்பாங்க. அந்தக் கேள்விக்கு அர்த்தம் முப்பது வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்கு விளங்குது.

1992 மகாமகம் முடிஞ்ச கையோட அந்தக் கேசட் கடையில வேலைக்குச் சேந்தேன். 2004 மகாமகம் முடிஞ்சு அடுத்த வருசம் கடையை மூடிட்டாங்க. ரெண்டு மகாமகத்துக்கு நடுவுல நான் கல்லாவுக்குப் பின்னாடி நின்ன நேரத்தைக் கூட்டினா ஒரு ஆயுசு இருக்கும்.

கடை எட்டடி அகலம். பின்சுவர் முழுக்க கேசட் செருகற மரச்சட்டம். கல்லா மேல ரெண்டு கேசட் போடற டெக்கு, ஒரு ஆம்ப்ளிஃபையர், வாசல்ல ரோட்டைப் பாத்த மாதிரி ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி. புதுப் பாட்டு வந்தா எத்தனை கேசட் வந்தாலும் ஒண்ணைத்தான் பிரிப்போம். அதுக்குக் கடை கேசட்டுன்னு பேரு. அது காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஓடும். ரெண்டு மூணு வாரத்துல தேய்ஞ்சு கணீர்னு இருந்த பாட்டு போர்வைக்குள்ள பாடற மாதிரி ஆயிடும். அப்பறம் டீக்கடைக்குப் பாதி விலைக்குப் போயிடும்.

எவ்வளவு நேரம்னு கேட்டீங்கல்ல. எங்க முதலாளி ஒரு சட்டம் வச்சிருந்தாரு. ஒரு ஆளுக்கு மூணு பாட்டு, பாட்டுக்கு ஒரு பல்லவி. “சரணம் வேணும்னா வாங்கிட்டுப் போயி வீட்டுல கேக்கட்டும்”பாரு. பல்லவி முடிஞ்சு இடையில வயலின் எடுக்கும் பாருங்க, அங்க என் கை நிறுத்தற பட்டன்ல இருக்கணும். அந்த வயலினைப் பாதியில அறுக்கறது எனக்குப் பாவமா இருக்கும். வாங்கறவன் முகத்தைப் பாத்தா இன்னும் பாவம். ஆனா அந்த இடத்துலதான் சட்டைப் பையில கை போகும்.

டேப்புல நடுப் பாட்டை எடுக்கறது ஒரு கைவேலை. இப்ப மாதிரி தொட்டா வராது. கேசட்டோட சின்னக் கண்ணாடி வழியா இடது சக்கரத்துல எவ்வளவு கனம் சுத்தியிருக்குன்னு பாத்து, ஓட விட்டு, சத்தத்தை வச்சு நிறுத்தணும். ஒரு மாசத்துல கண்ணை மூடிக்கிட்டு மூணாவது பாட்டோட முதல் தாளத்துல கொண்டு வந்து நிறுத்துவேன். வேற எந்தப் பெருமையும் எனக்குக் கிடையாது, இது ஒண்ணு உண்டு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீங்க முதல் மூணு பாட்டைக் கேட்டு ஏமாந்தீங்க. கம்பெனிக்காரன் எப்பவும் நல்ல பாட்டைத் தூக்கி ஏ பக்கம் முதல்ல வைப்பான். அடுத்த நல்ல பாட்டு பி பக்கம் முதல்ல. கேசட்டைத் திருப்பிப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்னு தோணணும்ல. முதலாளி யார் வந்தாலும் ஏ பக்கம் முதல் பாட்டைத்தான் போடச் சொல்லுவாரு. தெரிஞ்சவங்க வந்தா நான் அவரு சாப்பிடப் போற நேரம் பாத்து பி பக்கம் ரெண்டாவது பாட்டைப் போடுவேன். கல்யாணத்துல முதல் பந்தி எல்லா வீட்டுலயும் நல்லாத்தான் இருக்கும். மூணாவது பந்தியில ரசம் எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் தவசிப்பிள்ளை யாருன்னு தெரியும். பி பக்கம் ரெண்டாவது பாட்டு அந்த ரசம்.

இன்னொண்ணும் செய்வேன். ரெண்டு மனசா நிக்கறவங்களை “எதிர்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க”ன்னு அனுப்பிடுவேன். திரும்பி வரும்போது வாயில அந்தப் பல்லவி இருந்துச்சுன்னா பில்லு போட்டுடலாம். டீக்கடைக்காரரு எனக்கு டீ இலவசமாத் தருவாரு, இதனாலதான்.

படம் இல்லாத ஆல்பத்தை நம்ம ஊர்ல விக்கறது இருக்கே, அது பெரிய கூத்து. 1995ல ஹிந்திப் பாடகி அலிஷா சினாய் பாட்டு வந்தப்ப கேபிள் டிவியில பாத்துட்டுப் பசங்க வந்தாங்க, பரவாயில்லை. 1997ல சுதந்திரப் பொன்விழாவுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் ‘வந்தே மாதரம்’ போட்டாரு, சோனி கம்பெனி. கடை கேசட்டைப் போட்டு விட்டா ரோட்டுல போறவங்க நின்னுடறாங்க. ஆனா அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி, “எந்தப் படம்?” படம் இல்லைங்க, வெறும் பாட்டுதாங்கன்னா நம்ப மாட்டாங்க. வலங்கைமான் பக்கத்துலேருந்து ஒரு பெரியவர், நெல்லு போட்டுட்டு வந்த கையில காசோட வந்தவரு, ரெண்டு பாட்டு முழுசா நின்னு கேட்டாரு. நானும் சட்டத்தை மீறி சரணம் வரைக்கும் விட்டேன். கண்ணெல்லாம் கலங்கிடுச்சு அவருக்கு. அப்பறம் மேல்துண்டால முகத்தைத் தொடச்சிக்கிட்டு, “நல்லாருக்கு தம்பி. படம் வரட்டும், வாங்கிக்கறேன்”னுட்டுப் போயிட்டாரு.

இங்கிலீஷ் பாட்டுக்கு ஒரே ஒரு அடுக்கு வச்சிருந்தோம். ஆத்தங்கரை ஆர்ட்ஸ் காலேஜ் பசங்கதான் கிராக்கி. தமிழ்க் கேசட்டைவிட ஏறக்குறைய ரெண்டு பங்கு விலை. நாலு பேரு காசு சேத்து ஒருத்தன் வாங்குவான், மத்த மூணு பேரு மறுநாள் காலி டேப்போட வருவான். நானும் பதிஞ்சு குடுத்தேன். சட்டப்படி அது தப்பு, அப்ப ஊரே அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. சி-60ன்னா ஒரு பக்கத்துக்கு அரை மணி, ஆல்பத்தோட கடைசிப் பாட்டு பாதியில கழுத்தறுபடும். அதனால சி-90 வாங்கிட்டு வரச் சொல்லுவேன், பக்கத்துக்கு 45 நிமிசம். நீங்க சொன்ன அந்தப் பத்துப் பாட்டு ஆல்பம் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்.

அப்பறம் எம்பி3 சி.டி. வந்துச்சு. ஒரு தட்டுல நூத்தைம்பது பாட்டு. அதை எங்க போயி பல்லவி பல்லவியாக் கேக்கறது? யாரும் கேக்கவும் இல்லை. எடை போட்டு வாங்கற மாதிரி வாங்கிட்டுப் போனாங்க.

மைக் செட்டுக்காரங்களைப் பத்தியும் எழுதணும். அவங்கதான் எங்க ஊர் விமர்சகருங்க. யாராவது அந்தத் தொழில்ல இருந்தவங்க இருந்தா எழுதுங்க.


மன்னார்குடி சவுண்ட் சர்வீஸ்:

கூப்பிட்டதால் வந்தேன். முப்பது வருஷம் மைக் செட் வாடகைக்கு விட்டவன், கூடவே ரேடியோ ரிப்பேர்.

எங்களுக்குப் பாட்டு நல்லதா கெட்டதா என்பது ரெண்டாம் பட்சம். குழாயில் ஏறுமா என்பதுதான் முதல். குழாய் ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் பாடாது. குரலும் நாதஸ்வரமும் மூன்று வயல் தாண்டிப் போகும், மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனமாக ஒலிக்கிற இடது பக்கம், மட்டும் கொட்டகையிலேயே நின்றுவிடும். 1992ல் ‘ரோஜா’ பாட்டு வந்தபோது கடையில் பெட்டியில் கேட்டுவிட்டு மயங்கி வாங்கினேன். ஒரு காதுகுத்தில் தென்னை மரத்தில் கட்டிய குழாயில் போட்டால், அடியில் ஓடின பாஸ் மொத்தமும் காணோம். குரல் மட்டும் தனியாக அனாதை மாதிரி நிற்கிறது. வீட்டுக்காரர், “என்னய்யா மேளத்தை விட்டுட்டு வந்துட்டியா?” என்றார். அதற்கப்புறம்தான் கடன் வாங்கிப் பெட்டி ஸ்பீக்கர் செய்தேன். அந்தப் பாட்டுகள்தான் என்னை அந்தச் செலவுக்கு இழுத்துவிட்டன என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

கும்பகோணத்து நண்பர் ஒன்றை மறைத்துவிட்டார். அவர் மாதிரி கடைகளில் கேட்டு வாங்கியவர்கள் மறுநாள் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள், “கடையில கேட்ட சத்தம் வரல” என்று. எப்படி வரும்? கடை ஆம்ப்ளிஃபையரில் லவுட்னஸ் என்று ஒரு பட்டன் உண்டு. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கனமான ஒலி சரியாக எட்டாது, அதை ஈடுகட்ட வைத்த பட்டன் அது. கடைக்காரர்கள் சத்தத்தையும் ஏற்றி அதையும் அழுத்தி விடுவார்கள். ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு, ஒன்றை ஒரு நூல் சத்தமாக வைத்துப் பாருங்கள். சத்தமாக வைத்ததுதான் நல்ல பாட்டு என்று பத்துக்கு எட்டுப் பேர் சொல்லுவார்கள்.

சில சமயம் வந்த ஆளின் மிஷினிலும் கோளாறு இருக்கும். டேப் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். ஹெட் துளி சாய்ந்திருந்தாலும் மேல் ஒலி அத்தனையும் மங்கிவிடும். பாட்டை ஓடவிட்டு, வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரால் அதை மயிரிழை திருப்பினால் ஜாலரா திடீரென்று கண் விழிக்கும். காசு வாங்க வெட்கமாக இருக்கும், வாங்கிக்கொள்வேன்.

இப்போது தம்பியின் ‘ஸ’. ரெக்கார்டு சுற்றுவது எப்போதும் ஒரே வேகம்தான், நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் விளிம்பில் சுற்று பெரியது, நடுவில் சின்னது. 12 அங்குலத் தட்டில் முதல் பாட்டின்போது முள்ளுக்கு அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். கடைசிப் பாட்டில் 21 சென்டிமீட்டர் பக்கம் வந்துவிடும். அதே ‘ஸ’வைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார்கள். தடித்த முள்ளால் அதைப் படிக்க முடியாது. விவரம் தெரிந்த கம்பெனிகள் அதனால்தான் பக்கத்தின் கடைசியில் மெதுவான பாட்டை வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல் திணித்தாலும் சத்தம் இளைத்துப் போகும். இப்போது ஒரு மணி நேர ஆல்பத்தை ரெண்டு தட்டாகப் போடுவது வெறும் காசுக்காக மட்டும் இல்லை.

ஆகவே ரெக்கார்டைத் திட்டுமுன் உங்கள் கையைப் பாருங்கள். பழைய பிளேயர் என்றீர்கள். முள் நுனியில் பஞ்சு மாதிரி அழுக்கு இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் தள்ளி எடுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். முள் இறங்குகிற எடையைச் சின்னத் தராசில் பாருங்கள். முள்ளைப் பிடித்திருக்கிற கார்ட்ரிட்ஜுக்குக் கம்பெனி சொல்லுகிற எடை என்னவோ அது இருக்க வேண்டும். ‘தட்டுக்கு வலிக்குமே’ என்று குறைத்து வைப்பவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள், முள் துள்ளித் துள்ளிப் பள்ளத்தின் சுவரை இடிக்கும். பிறகு கார்ட்ரிட்ஜ் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கக் காகிதத்தில் அச்சடிக்கிற அளவுகோல் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. உருண்டை நுனி முள்ளாக இருந்தால் நீள்வட்ட நுனிக்கு மாற்றுங்கள். இத்தனைக்கும் பிறகு சுரண்டினால் அது ரெக்கார்டின் குறைதான்.

பழைய ரெக்கார்டு வாங்கும்போது கடையில் போட்டுக் காட்டுவார்கள். அப்போது பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அது சுத்தமாக இருந்தால் மற்றதைப் பற்றிக் கவலை வேண்டாம்.


உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம்:

மன்னார்குடியாரே, கடைசியில சபையில போட்டு உடைச்சிட்டீங்களே. லவுட்னஸ் பட்டன் மட்டுமில்ல, யாரும் தெரியாம அணைச்சிடக் கூடாதுன்னு அதுமேல இன்சுலேஷன் டேப்பு ஒட்டி வச்சிருந்தாரு முதலாளி. கடை மூடறப்ப பிரிச்சா அடியில வெள்ளைப் பெயின்ட் புதுசு மாதிரி இருந்துச்சு.


கோடியக்கரைக் காத்து:

ரெண்டு அண்ணன்களும் கடை இருந்த ஊர்க்காரர்கள். நான் வேதாரண்யம். எங்களுக்கு வாய்த்தது இலங்கை வானொலி. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவ்வளவு தெளிவாக எடுக்கும். புதுப் பாட்டு முதலில் காதில் விழுவது அதில்தான். பிடித்தால் தாளில் எழுதி வைத்து, அப்பா திருத்துறைப்பூண்டி போகும்போது சீட்டுக் கொடுத்து விடுவேன். மளிகைச் சீட்டுக்குப் பின்பக்கம். ஒருமுறை அப்பா மளிகையை வாங்கிவிட்டுச் சீட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்தப் பாட்டு என்ன என்று எனக்கு இன்றுவரை மறுபடி சிக்கவில்லை, ராகம் மட்டும் இருக்கிறது.

2000ல் படிப்புக்குச் சென்னை வந்தபோது, அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவில் மியூசிக் வேர்ல்டு. தம்பி கேட்ட மாதிரியே கேட்டுப் பார்க்கிற இடம், சுவரில் வரிசையாக ஹெட்போன் தொங்கும். புது சி.டி. உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஏசி வேறு. ஹாஸ்டலில் இருந்து நடந்து போய் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். பாப், ராக், ஹிந்தி, எதுவும் விடவில்லை. ஆனால் அங்கே அடுத்த பாட்டுக்குத் தாவுகிற பட்டன் இருந்தது. முதல் நாள் ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். மாசக் கடைசியில் பத்து விநாடியில் தாவிக்கொண்டிருந்தேன். அத்தனை நாள் நின்றும் நான் வாங்கியது மொத்தம் ரெண்டே சி.டி. ரெண்டுமே ஹெட்போனில் கேட்காதவை, தோழி வீட்டில் கேட்டவை.

தம்பி, நீங்களும் ஃபோனில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். இன்னொன்று, ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கில் ஏறும். பாட்டுப் போடுகிறவர்களுக்கும் இது தெரியும். எங்கள் காலத்துப் பாட்டில் பாடகர் வாய் திறப்பதற்குள் வீட்டில் ஒரு வேலை முடித்துவிட்டு வரலாம். இப்போது தட்டினதும் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறார்கள். இருபது விநாடி பார்த்து எடுத்தால் அந்த வாசல் மட்டும்தான் தெரியும், உள்ளே அடுப்பு எரிகிறதா என்பது தெரியாது.

உங்கள் அப்பாவின் தறிச் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள்.


திருபுவனத்துப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு மாசம் ஆகிவிட்டது, கணக்கு முடிக்கிற நேரம்.

மன்னார்குடி ஐயா, நீங்கள் சொன்னதுதான். தங்கம் நிறுக்கிற குட்டித் தராசு ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தால் முக்கால் கிராம் குறைவாக இறங்கிக்கொண்டிருந்தது. தட்டுக்கு வலிக்குமே என்று குறைத்து வைத்தவன் நான்தான். காகித அளவுகோலை வைத்துப் பார்த்ததில் கார்ட்ரிட்ஜும் கோணலாக இருந்தது. சரி பண்ணியபின் ‘ஸ’ தகரத்திலிருந்து மணலுக்கு இறங்கியிருக்கிறது. முள் மாற்ற அடுத்த மாசச் சம்பளம் வர வேண்டும். பாட்டு மட்டும் மாறவில்லை, அதே மாவுதான்.

போன வாரம் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்காக அப்பாவும் நானும் சென்னை போனோம். திரும்புகிற அன்றைக்கு அவரை அதே கடைக்கு அழைத்துப் போனேன். உள்ளே ஒரு ஓரத்தில் பழைய ரெக்கார்டுகளைப் பெட்டியில் போட்டு, பக்கத்திலேயே கேட்டுப் பார்க்க ஒரு பிளேயர் வைத்திருக்கிறார்கள். போன தடவை அதை நான் கவனிக்கவே இல்லை, புது சீல் மினுமினுப்பில் கண் போய்விட்டது. பெட்டியில் எண்பதுகளின் பாப் ஆல்பம் ஒன்று, ஒரு பெண் பாடகி, 900 ரூபாய். இங்கிலீஷ் அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அதற்கு முந்தின வாரம்தான் நீங்கள் எழுதியதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கடைப் பையன் முதல் பாட்டில் முள்ளை வைக்கப் போனான். அப்பா, “தம்பி, அது வேணாம். ரெண்டாவது பக்கம், ரெண்டாவது பாட்டு” என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

அப்பா கண்ணாடிக் கல்லா மேல் வலது கையை வைத்துக்கொண்டு கேட்டார். நாடா கயிறு இழுக்கிற கை. விரல் ஒரு இடத்தில் இழுக்கப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது.

“தறிக்கு மேல கேக்காது” என்றார். நான் ரெக்கார்டை அட்டையில் போடக் கை நீட்டினேன். “இரு. ராத்திரி சாப்பிட்டப்பறம் போட ஆகும்.”

பல்லவி முடிந்து எங்கேயோ தூரத்தில் ஒரு சாக்ஸபோன் எடுத்தது. பையன் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம். சுரண்டல் இல்லை.